வலது உனக்கு, இடது அவளுக்கு

முத்துவுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று, பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாயிற்று. சுகச் செய்தி இவ்வளவுதான். இனி வருவதைத் தனியாக உட்கார்ந்து நிதானமாக வாசி. மதராஸ் விடுதியில் சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிருபையைக் கட்டிக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தாய். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அத்தை மகள், முறைப்பெண் என்று அப்பாவும் அவர் வகையும்தான் ஆசைப்படுகிறார்கள், நான் ஆசைப்படவில்லை. பத்து நாள் குழந்தையாக இந்த வீட்டுக்கு வந்தவள், உன்னோடு ஒரே பாயில் புரண்டு, ஒரே கிண்ணத்தில் தின்று, ஒரே பால் குடித்து வளர்ந்தாள். உங்கள் இரண்டு பேரையும் ஜோடியாக நிறுத்திப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் கேட்டதற்கு, "அவனையா? சோத்துல ஒரு கல்லு கெடந்தா ஊரக் கூட்டுதான், அவன எவா அத்தை கெட்டுவா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆகவே கல்யாணப் பேச்சு அத்தோடு தீர்ந்தது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "பிறவியிலேயே பலவீனமானவளை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள்" என்று, அந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வைத்தியம் படிக்கப் போனவன் நாடி பார்க்காமலே நோய்க்குப் பெயர் எழுதிவிட்டாய். அவள் பிறவியில் பலவீனம் இல்லை, ராசா. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். அவளை அப்படி ஆக்கியது நான். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

இதைச் சொல்ல வேண்டுமானால் உன் அத்தையிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ அவளைப் பார்த்ததில்லை. நானும் அவளும் பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங்கில் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்துப் பாய். கிருபைக்கு இருக்கிற வாய் அவளிடமிருந்து வந்ததுதான். தையலில் எனக்கு வர வேண்டிய பரிசு ஒரு வருஷம் அவளுக்குப் போயிற்று. எனக்கு வர வேண்டியது என்று நான் நினைத்தேன். அவள் தையலைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் காம்பவுண்டுச் சுவரோரம் முளைத்துக் கிடந்த செந்தட்டியைத் துணியால் பிடித்துப் பறித்து அவள் பாயில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். செந்தட்டி பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், களக்காட்டுப் பக்கம் போனபோது நீயே அதில் விழுந்து ஊரைக் கூட்டியிருக்கிறாய். இரண்டு நாள் அவள் சொறிந்து சொறிந்து கை காலெல்லாம் தடித்துப் போனாள். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அவளிடமே போய், நான்தான் செய்தேன், உனக்கு அரிக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று அழுதேன். அவள் என்னை ஒரு அறை அறைந்தாள். அப்புறம் தலையைக் காட்டி, "பேன் பாரு" என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், தீர்ந்தது. நாலு வருஷம் கழித்துத் தன் அண்ணனுக்கு என்னைக் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால், "அந்தச் செந்தட்டிக்குப் பழி வாங்கணும்லா, அதான் எங்க அண்ணனுக்கு இவளக் கெட்டி வைக்கோம்" என்றாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயசு குறைகிறது.

களக்காட்டில் வாழ்க்கைப்பட்ட அவள், கிருபையைப் பெற்று மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். அடக்கத்துக்குப் போன உன் அப்பா, ஒரு வாரம் அங்கேயே கிடந்துவிட்டு, குழந்தையோடு வண்டியில் வந்து இறங்கினார். கார் நெல் அறுப்பு முடிந்த சமயம், தெருவெல்லாம் வைக்கோல். உனக்கு அப்போது நாற்பது நாள். துணிச்சுருளை என் மடியில் வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து தேம்பினார். ஒரு ஆண் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தேன். உருண்டை முகம், தலை நிறைய முடி, தொட்ட விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் பலம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பிறவியில் இல்லை.

வைத்தியம் படிக்கிறவனிடம் எனக்கு என்ன கூச்சம், பட்டென்று சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்ற பத்தாம் நாள் எனக்கு இடது மாரில் பால் கட்டிப் பழுத்துவிட்டது. மருத்துவச்சி பேச்சிதான் கீறிவிட்டு, மருந்துப் பற்றுப் போட்டு ஆற்றினாள். ஆறியது, ஆனால் அந்தப் பக்கம் பால் பழையபடி ஊறவில்லை. பிள்ளை வாய் வைத்தால் நாலு மடக்கு வரும், பிறகு வெறும் சப்பல்தான். வலது பக்கம் குறைவில்லை. நம் ஊரில் இரண்டு பிள்ளைக்குச் சேர்த்துப் பால் கொடுக்கிறவளுக்கு ஒரு முறை உண்டு. ஆண் பிள்ளைக்கு வலது, பெண் பிள்ளைக்கு இடது. மாற்றினால் இரண்டுக்கும் ஆகாது என்பார்கள். நான் போர்டிங்கில் படித்தவள், பிள்ளைக்குத் தாயத்துக் கட்ட வந்தவர்களை விரட்டினவள், ஊரில் எந்தச் சாங்கியத்தையும் கேலி செய்யாமல் விட்டதில்லை. இந்த ஒரு முறையை மட்டும் கேட்டதும் பிடித்துக்கொண்டேன். வலது உனக்கு, இடது அவளுக்கு.

பேச்சி எழுத்து வாசனை இல்லாதவள், ஆனால் கண் கூர்மை. ஒரு மாதம் கழித்து வந்து இரண்டு பேரையும் தூக்கிப் பார்த்தாள். உன்னை வலது கையில் வைத்துக்கொண்டு, "இவன் புளிமூட்டை மாதிரி கனக்கான்" என்றாள். கிருபையைத் தூக்கினவள் சிரிக்கவில்லை. "ஏ வாத்திச்சியம்மா, மொறையெல்லாம் ரெண்டு பக்கமும் ஊறுதவளுக்கு. ஒனக்கு ஒரு பக்கந்தான ஊறுது? பையப் பைய மாத்திக் குடு. இல்லன்னா இது தேறாது" என்றாள். சரி என்றேன். பேச்சி தெருமுனை திரும்பும் வரைக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீ அழுதாய். உன்னை எடுத்து வலது பக்கம் விட்டேன். அவளை இடது பக்கம் விட்டேன். ஒன்பது மாதம் அப்படியே நடந்தது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தோம், அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். அது என் கண்முன்னால்தான் நடந்தது. அந்தக் குழந்தை வாட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை, முத்து. என் பிள்ளைக்கு வயிறு நிறைய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். உனக்கு நிறைந்தால் அவளுக்கு நிறையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது வேறு, நினைத்தது வேறு என்று அன்றைக்கே எனக்குள் ஒரு தடுப்பு வைத்துக்கொண்டேன்.

நீ பதினோராம் மாதம் நடந்தாய். அவள் மூன்று வயசில்தான் காலை ஊன்றினாள். இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள், மழைக்காலம் வந்தால் மார்ச்சளி. தாயில்லாப் பிள்ளை, பிறக்கும்போதே நோஞ்சான், வாத்திச்சியம்மா எடுத்து வளர்த்ததால்தான் உயிரோடு இருக்கிறது என்று ஊர் சொன்னது. அப்படிச் சொன்னவர்களை நான் திருத்தவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனபோது, கைக்குழந்தையில் போதுமான பால் இல்லாமல் போனதா என்று கேட்டார்கள். தாய் இறந்துபோன குழந்தை என்றேன். அது பொய் இல்லை. அந்த அம்மாள் ஐயோ பாவம் என்று குழந்தையின் தலையைத் தடவினார்கள். நீ வண்டியில் அவளுக்குச் சீனிமிட்டாய் ஊட்டிக்கொண்டே வந்தாய், உன் வாயிலும் அவள் வாயிலும் ஈ மொய்த்தது. ஆற்றுப் பாலம் வந்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினீர்கள்.

உங்கள் சின்ன வயசை நினைத்தால் எனக்கு ஆறுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. சனிக்கிழமை காலையில் அழுக்குத் துணி மூட்டையோடு மூன்று பேருமாகப் போவோம். ஆனி ஆடியில் மேற்கே மலையில் சாரல் விழுந்து தண்ணீர் கலங்கி வரும். மருதமரத்து நிழலில் படித்துறைக் கல் சில்லென்று இருக்கும். அவளுக்கு நீந்தக் கால் ஒத்துழைக்காது, ஆகையால் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு நீ முங்கி எழுவதை எண்ணுவாள். நீ பத்து முங்கு போட்டால் ஏழு என்பாள். அந்தச் சண்டையில்தான் எட்டு வயசில் ஒரு நாள் அவளைப் படியிலிருந்து தள்ளிவிட்டாய். முட்டு பேந்து ரத்தம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா பிரம்பை எடுத்துக்கொண்டு விசாரணை ஆரம்பித்தார். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"ஏலே, எதுக்குத் தள்ளுன?"

"நனையட்டும்னு தள்ளுனேன்."

"தள்ளுனா கல்லுல அடிபடும்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா அடிபடணும்னு தள்ளலப்பா."

உன் அப்பாவுக்குத் தர்க்கம் என்றால் போதும், கோபமெல்லாம் பறந்துவிடும். மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அடிபடணும்னு தள்ளியிருந்தா நாலு அடி. நனையட்டும்னு தள்ளுனதால ரெண்டு" என்று தீர்ப்பு சொன்னார். முட்டில் மஞ்சள் பற்றோடு சுவரில் சாய்ந்திருந்த கிருபை உடனே கேட்டாள்: "எனக்கு முட்டு பேந்தது ஒண்ணுதான மாமா? அவனுக்கு மட்டும் எப்படி ரெண்டா கொறையுது?" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ அந்தச் சிரிப்பில் அடியே வாங்காமல் தப்பித்து ஓடிவிட்டாய். நான் அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அங்கே ஓடிவந்த நீ என்னம்மா என்று கேட்டாய், புகை என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு பதினோரு வருஷம் போயிற்று. உன் அப்பாவின் தீர்ப்பு முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வித்தியாசம் இருக்கிறது. ஒரு குழந்தை சாகட்டும் என்று பட்டினி போடுகிறவள் பக்கத்தில் என்னை நிறுத்தினால் நான் நிற்க மாட்டேன், சண்டைக்கு வருவேன். ஆனால் இதையும் பார். வேண்டுமென்றே செய்த செந்தட்டி மூன்று நாளில் தீர்ந்தது. ஒரு அறையும் ஒரு சிரிப்பும் போதுமாக இருந்தது. நினைக்காமல் செய்தது பத்தொன்பது வருஷமாகத் தீரவில்லை. ஏனென்றால் அதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் முழங்காலில் நின்று எல்லாப் பாவத்தையும் அறிக்கை செய்கிறேன். இது மட்டும் நாக்குக்கு வரும்போது, நீ அப்படி நினைக்கவில்லையே என்று உள்ளே ஒரு குரல் என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். அந்த வித்தியாசம் என்னைப் பாவியில்லை என்று ஆக்கவில்லை, வாயை மட்டும் அடைத்து வைத்தது.

நாளைக்கு நீ கத்தி பிடிக்கப் போகிறவன். ஒருவனுக்கு வலிக்கும் என்று தெரிந்தே அறுப்பாய், ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைக் காக்க வைப்பாய், மருந்து இரண்டு பேருக்குப் போதாமல் ஒருவனுக்குக் கொடுப்பாய். கெடுதல் நினைக்காத மனசு உனக்கு உண்டு, அதை நான் அறிவேன். அந்த மனசை மட்டும் நம்பிவிடாதே. யாருக்குக் குறையப் போகிறதோ அவன் முகத்தைப் பார்த்து, உனக்குக் குறையும் என்று வாய்விட்டுச் சொல். வேறு வழி இல்லையா என்று நாலு தரம் தேடிப் பார். தேடிப் பார்த்தும் இல்லையென்றால் செய்; செய்துவிட்டு அவனை மறக்காதே. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பால் ஒரு பிள்ளைக்குத்தான் காணும். மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் அரைவயிறாகக் கிடந்திருப்பீர்கள். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இனி கிருபையைப் பற்றிப் பிறவி என்ற வார்த்தையை எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

இத்தோடு முடித்து மடித்தும் வைத்துவிட்டேன். ஆனால் அவளைப் பற்றிய கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் தபாலில் போடுவது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. இன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும், சின்ன வகுப்பில் அவள் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. வாசித்து முடித்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவன் குடிச்சது போக மிஞ்சிச்சா அத்தை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேச்சி செத்துப்போய் ஆறு வருஷமாயிற்று. வேறு யாருக்கும் தெரியாது. அவள் துடைத்த சிலேட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மிஞ்சியது, முத்து. நீ உண்டு தூங்கின பிறகும் வலது பக்கம் கட்டிக்கொண்டு வலிக்கும், ரவிக்கை நனைந்துவிடும். மிஞ்சின பாலைக் கண்ட இடத்தில் பீச்சக் கூடாது, பச்சை மரத்தடியில்தான் விடணும், இல்லாவிட்டால் வற்றிப்போகும் என்பதும் ஊர் முறை. கிணற்றடி மாதுளைக்குக் கீழே தினமும் மத்தியானம் குனிந்து நின்று பீச்சிவிட்டு வருவேன். இதை அவளிடம் சொன்னேன்.

"நான் அப்ப எங்கன கெடந்தேன்?"

"தொட்டில்ல."

"தூங்கிக்கிட்டா?"

"இல்ல. முழிச்சுக்கிட்டு வெரலச் சப்பிக்கிட்டு கெடந்த."

அவள் சிலேட்டைக் கீழே வைத்தாள். "ஏன் அத்தை?" என்றாள். முறை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உனக்குக் குறையுமோ என்ற பயம் என்று சொல்லப் பார்த்தேன். மரத்தடியில் கொட்டின பாலில் உனக்கு என்ன குறையப் போகிறது? நீ அவளைவிடக் கொழுகொழுவென்று இருப்பதை ஊர் பார்த்துச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அதுதானோ என்னவோ. என்னை எனக்கே தெரியவில்லை, ராசா. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

அழுது ஓய்ந்ததும், "மிஞ்சினத எழுதலையே நீங்க" என்றாள். மடித்த கடிதத்தைப் பிரித்து மேசையில் வைத்து, மைக்கூட்டை எடுத்து வந்து திறந்தாள். நான் பேனாவை வாங்கி முதலில், மேலே "நினைக்கவில்லை" என்றும் "வேறு வழி இருக்கவில்லை" என்றும் எழுதியிருந்த இடங்களை அடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க அத்தை. அதுவும் கெடக்கட்டும், இதுவும் கெடக்கட்டும். அவனும் ரெண்டையும் படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். தபாலுக்கு அவளே கொண்டுபோகிறாளாம். என் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.